பீடத்தில் ஒரு பந்தி

நான் கீறிய படங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. இதை அடக்கமாகவும் சொல்லலாம், எரிச்சலோடும் சொல்லலாம். நான் எரிச்சலோடுதான் சொல்கிறேன். மொன்றியலில் தமிழர்கள் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று மண்டபம் எடுத்துக் கொண்டாடுகிறார்களே, அந்த மேடைகளின் பின்னால் நிற்கும் மயிலும் மாளிகையும் தாமரைக் குளமும் பெரும்பாலும் என் கைவேலை. சென்ட் லோரன்டில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் பின்பக்கத்தில் நின்று ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகைகளை வெட்டி, ஒட்டி, வர்ணம் அடிப்பேன். சனிக்கிழமை பின்னேரம் ஊரே அதன் முன்னால் நின்று படம் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபக்காரர் உடைத்துத் தொட்டிக்குள் தள்ளிவிடுவார்கள். ஒரு தடவை, கிழமைக் கணக்கில் இருந்து செய்த யானையின் தும்பிக்கை குப்பைத் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றதைப் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். பஸ் நிறைய ஆட்கள் இருந்ததால் அழவில்லை, வாய்க்குள் திட்டிக்கொண்டேன்.

ஆகவே லாசாலில் எங்கள் கோயிலுக்கு, பீடத்தின் பின்சுவரில் மாட்ட, ஒரு பீடப்படம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எனக்குள் எழுந்தது பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு படமாவது ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறேன், அது வெறி.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரர் கட்டிய லூத்தரன் கோயில் அது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போய்விட, ஆராதனைக்கு ஆள் குறைந்து கொண்டே வந்தது. முதலில் நிலக்கீழ் அறையைத் தமிழ்ச் சபைக்குக் கொடுத்தார்கள், பிறகு மேல்மாடியையும் கொடுத்தார்கள், கடைசியில் இரண்டு சபையும் ஒன்றாகிவிட்டது. நான் மட்டக்களப்பில் மெதடிஸ்தப் பிள்ளையாக வளர்ந்தவள். எங்கள் கோயிலில் வெள்ளைச் சுவரும் ஒரு வெறுஞ்சிலுவையும்தான். என் கணவர் மன்னார்க் கத்தோலிக்கர், சுற்றிவரச் சுரூபங்களுக்கு நடுவே வளர்ந்தவர். தமிழில் பாட்டும் பிரசங்கமும் இருந்ததால் கோட்-டெ-நெய்ஜில் இருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி இங்கே வந்து சேர்ந்தோம். அவருக்கு இந்தக் கோயில் வெறுமை, எனக்கு அளவாக இருந்தது.

ஒரு வசந்த காலத்தில் கூரை ஒழுகி, பீடத்துக்குப் பின்னால் தொங்கிய சிவப்புத் திரை பூஞ்சணம் பிடித்துப் போனது. கழற்றி எறிந்தார்கள். பின்னால் ஒரு பெரிய மஞ்சள் கறை. புதுத் திரை வாங்குவதா, சுவருக்கு வர்ணம் அடிப்பதா என்று கமிட்டி கூடியபோது, ஜெர்மன் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரு அம்மா பை ஒன்றைத் திறந்து பெரிய படப்புத்தகத்தை மேசையில் வைத்தார். எண்பது வயதைத் தாண்டியவர். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்துதான் எங்களோடு பேசுவார். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரின் பீடப்படம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முன், லூத்தரன் சபை பிறந்த சீர்திருத்த நாட்களில் கீறப்பட்டது. இராப்போசன மேசையைச் சுற்றிச் சீடர்கள். ஆனால் அந்த முகங்கள் எல்லாம் அந்த ஊரார் முகங்களாம். அச்சுக்காரர், வியாபாரி, பக்கத்துத் தெருவார். பீடத்துக்குத் திராட்சரசக் கிண்ணம் வாங்க வருகிறவர் தலையை நிமிர்த்தினால், தன்னைப்போல ஒருவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைக் காண வேண்டும் என்பதற்காக அப்படிக் கீறினார்களாம்.

எனக்குப் படத்தின் நடுவில்தான் கண் போனது. இயேசு மேசைக்குக் குறுக்காகக் கையை நீட்டி, யூதாஸின் வாய்க்குள் அப்பத் துணிக்கையை வைக்கிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கு, அது தெரிந்தே, தாய் பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோலத் தீத்துகிறார். நான் கதையைக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அந்தக் கையை அதுவரை கண்டதில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. இதுபோல ஒன்றை எங்கள் முகங்களோடு நான் கீறித் தருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் செயலாளருக்குச் சிலிர்க்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தவர், கணக்காளர், நேர்மையான மனிதர். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

"பீடத்திலை படம் வைக்கிறதெண்டா அது விக்கிரகம். உதுக்கோ நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்?"

போதகர் ஏதோ சமாதானமாகச் சொல்லத் தொடங்க, ஜெர்மன் அம்மா கையை உயர்த்தினார். இதே வழக்கு தன் ஊரில் அந்தக் காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது என்றார். ஒரு கூட்டம் கோயில் கோயிலாகப் போய்ப் படங்களை உடைத்ததாம். மற்றக் கூட்டம், கும்பிடாதே, பார்த்துப் படி, படம் சுவரிலேயே இருக்கட்டும் என்றதாம். "நாங்கள் அந்த இரண்டாவது கூட்டம். அதனால்தான் உங்களுக்குத் தருவதற்கு எங்களிடம் ஒரு கோயில் இருக்கிறது" என்று முடித்தார். கடைசி வசனத்துக்கும் முதல் வசனத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் செயலாளரே வாயை மூடிவிட்டார்.

முழுதாக மூடவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். படம் ஒக்டோபர் கடைசியில் வரும் சீர்திருத்த ஞாயிறு அன்று தொங்கட்டும். ஆராதனை முடிந்ததும் சபையார் கை உயர்த்தட்டும். வேண்டாம் என்றால் அன்றைக்கே கழற்ற வேண்டும். எனக்குத் தெரியாதா அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழற்றல்? சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

வர்ணம் வந்தது, பிளைவூட் பலகை வந்தது. முகங்கள் மட்டும் வரவில்லை. நான் சபையில் ஒவ்வொருவராகப் போய், பீடப்படத்துக்கு உங்கள் முகத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். எல்லோரும் பின்வாங்கினார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கலியாண வீட்டில் என் மயிலுக்கு முன்னால் நிற்க இடித்துத் தள்ளுகிற சனம் இது. கடைசியில், ஆராதனையில் எப்போதும் முதல் வரிசையில் இருக்கும் அன்ரிதான் விஷயத்தை உடைத்தார். கணவர் இறந்தபின் தனியாகவே தெருமுனையில் ஒரு டெப்பனர், பாலும் பாணும் விற்கும் சின்னக் கடை, நடத்தியவர். மனதில் பட்டதை அப்படியே சொல்வார்.

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? உயிரோடை இருக்கேக்கை சுவரிலை படமாத் தொங்கவோ? அவர் படமாகிப் போய் எத்தினை வருசம். எனக்கும் இப்பவே சட்டம் அடிக்கப் போறியோ?"

எங்கள் வீடுகளின் வரவேற்பறைகளை நினைத்துப் பார்த்தேன். உயிரோடு இருப்பவர்கள் அல்பத்துக்குள்ளும் தொலைபேசிக்குள்ளும் இருக்கிறார்கள். சுவரில், சட்டத்துக்குள், பெரிதாகத் தொங்குபவர் என்றால் அவர் போய்விட்டார் என்றுதான் அர்த்தம். ஒருவர் இறந்ததையே படமாகிவிட்டார் என்றுதானே சொல்கிறோம். நான் வீடு வீடாகப் போய், செத்துப்போகச் சம்மதமா என்று கேட்டிருக்கிறேன். ஜெர்மன்காரர் ஊரில் இந்தச் சிக்கல் இருந்திருக்காது.

இதற்கு மேல் யூதாஸ் வேறு. யார் அந்த முகத்தைத் தருவார்கள்?

ஒரு கிழமை முழுவதும் சிடுசிடுவென்று திரிந்தேன். வேலையில் ஒரு தாமரைக்குப் பச்சை நிறம் அடித்துவிட்டேன். வீட்டில் என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீர் முதலிலை சாப்பிட வாரும். பந்தியிலை கோவிக்கக் கூடாது" என்றார். எங்கள் மேசையில் நானும் அவரும்தான். பந்தி என்று அவர் சொன்னது பகிடிக்கு. ஆனால் நான் கையில் பிட்டோடு அப்படியே இருந்துவிட்டேன். பந்தியிருத்தல்! சின்ன வயதில் இருந்து கோயிலில் கேட்ட சொல். இயேசு சீடரோடு பந்தியிருந்தார் என்றுதான் எங்களுக்கு வாசித்தார்கள். அந்த இரவில் யாரும் படத்துக்கு நிற்கவில்லை, சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நானோ சனத்திடம் முகம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். முகம் கேட்டால் தமிழன் தர மாட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் இருப்பானா?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழும்பி நின்று சொன்னேன். "எல்லாரும் கீழ பந்திக்கு வாங்க. சாப்பிடுற நேரம் நான் பக்கத்தில இருந்து கீறுவன். விருப்பமில்லாதவங்க சொல்லுங்க, கீற மாட்டன். சாப்பாடு எல்லாருக்கும் உண்டு." ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தார் என் மட்டக்களப்பு 'வாங்க'வைக் கேட்டு வழக்கம்போலச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே படி இறங்கினார்கள்.

மேசைகளை ஒரே வரிசையாகச் சேர்த்துப் போட்டிருந்தோம். தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையில் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். சமையல் என் கணவருடையது. நான் பென்சிலோடு எதிரே ஒரு முக்காலியில் இருந்தேன். வாய் நிறையச் சோறு இருக்கும்போது எந்த மனிதனும் அப்போஸ்தலர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒருவர் எலும்பை உறிஞ்சினார். ஒருவர் பக்கத்து இலையை எட்டிப் பார்த்தார். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து நேரே வந்த ஒரு தங்கச்சி பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடியே கண்ணயர்ந்தாள். ஜெர்மன் அம்மா கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட முயன்று, மூக்கில் கறி பூசிக்கொண்டார். நான் வெறி பிடித்தவள்போலக் கீறினேன். எத்தனையோ மயில் கீறிய கை, அன்றைக்குத்தான் எனக்கு மனிதர்களையும் கீற வரும் என்று காட்டியது.

டெப்பனர் அன்ரி பாதிச் சாப்பாட்டில் என்னைக் கண்டுவிட்டார்.

"என்னையோ கீறுறாய்?"

"ஓம் அன்ரி. வேண்டாமெண்டா விடுறன்."

அவர் ஒரு வாய் மென்று விழுங்கும்வரை யோசித்தார். "கீறினாக் கீறு. பந்தியிலை இருக்கிறவளை ஆர் செத்தவள் எண்டுறது? கொஞ்சம் பொறு, வாயைத் துடைக்கிறன்."

அவர் அப்படிச் சொன்னபிறகு வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. செயலாளர் மட்டும் உட்காரவில்லை. படியடியில் நின்று, தனக்கு வேலை இருக்கிறது, பார்சல் கட்டித் தாருங்கள் என்றார். கட்டிக் கொடுத்தோம். இறைச்சி கொஞ்சம் கூடவே வைத்தேன்.

யூதாஸ் பிரச்சினையை என் கணவர் தீர்த்தார். "கத்தோலிக்கனைத்தான் கடைசியிலை பிடிப்பியள் எண்டு எனக்கு முதலே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "என்ரை முகத்தைப் போடும். மூக்கை மட்டும் சின்னனாக் கீறும்." நான் மூக்கைச் சின்னதாக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பயந்த இடத்தில் அவர் பகிடி விட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாரே, அன்றைக்கு எனக்கு அவர்மேல் கலியாணத்துக்கு முதல் இருந்த விருப்பம் திரும்பவும் வந்தது.

கோடை முழுவதும் சென்ட் லோரன்டில் வேலை முடிந்தபின், அதே இடத்தில் முதலாளியின் அனுமதியோடு பலகையில் வேலை செய்தேன். நடுப்பலகையில் பந்தி. இரு பக்கமும் அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றிய வசனம், தமிழில், ஜெர்மனில், பிரெஞ்சில். அந்தக் காலத்துப் பீடங்களில் எழுத்தையே படமாக வைத்தவர்களும் உண்டு என்று அம்மாவின் புத்தகத்தில் கண்டிருந்தேன். கிண்ணத்தைக் கையிலிருந்து கைக்குப் போவதாகக் கீறினேன். சின்ன வயதில் தங்களுக்கு அப்பம் மட்டும்தான் கிடைக்கும், கிண்ணம் குருவானவரோடு நின்றுவிடும் என்று கணவர் சொல்வார். இந்தக் கிண்ணம் எவரிடமும் நிற்கவில்லை. கடைசியாக அந்தக் கை. இயேசுவின் முகத்தை எவருடைய சாயலிலும் கீறவில்லை, தலைமயிர் விழுந்து பாதி மறைந்திருக்கும். ஆனால் என் கணவரின் திறந்த வாய்க்கு நேரே வரும் அந்தக் கையை அழித்து அழித்துக் கீறினேன். சோறு தீத்தும்போது விரல்கள் எப்படிக் குவியும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அது சரியாக வந்த அன்று பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோசத்தில் அழுதேன்.

சீர்திருத்த ஞாயிறு வந்தது. ஒக்டோபர் முடிவு, வெளியே குளிர் காதைக் கிழித்தது. படத்தை முதல் நாளே மாட்டி ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம். ஆராதனை தொடங்குமுன் போதகர் துணியை இழுத்தார். முன்பக்கச் சுவரோரம் நின்ற நான் படத்தைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தேன். எல்லோருடைய முகமும் ஒரே நேரத்தில் கறுத்தது.

படத்துக்கு மாலை விழுந்திருந்தது.

பூ அலங்காரத்துக்குப் பொறுப்பாக நின்ற திருகோணமலை அண்ணையின் வேலை. நல்ல மனிதர். காலையில் வந்து துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், பெரிய சட்டம் போட்ட படம், கையில் பூ இருந்திருக்கிறது. கை தானாகவே மாலையைப் போட்டுவிட்டது. உண்மைப் பூ, தடித்த வெள்ளை மாலை, இரண்டு மூலையிலிருந்தும் தொங்கி, உயிரோடு கதிரைகளில் இருக்கும் அத்தனை பேரின் முகங்களுக்கும் கீழே வளைந்து நின்றது. கீழே ஒரு சின்ன விளக்கு வேறு. யாரோ ஒருவர் "ஐயோ" என்றது தெளிவாகக் கேட்டது.

செயலாளர் எழும்பினார். குரலை உயர்த்தவில்லை, அது இன்னும் மோசம். "பாத்தியளோ? மாலை போட்டாச்சு, விளக்கும் வைச்சாச்சு. ஒண்டில் இது விக்கிரகம், இல்லாட்டி இது செத்தவீடு. ரெண்டும் எங்கடை பீடத்துக்கு வேண்டாம்."

பாவம் அந்தப் பூ அண்ணை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யானைத் தும்பிக்கைக்கு நடந்ததுதான் இதற்கும் என்று நினைத்தேன்.

முதல் வரிசையில் டெப்பனர் அன்ரி எழும்பினார். நடக்கக் கொஞ்சம் கஷ்டப்படுகிறவர், கதிரை முதுகைப் பிடித்துப் பிடித்துப் பீடத்தடிக்குப் போனார். தன் முகத்துக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி, கடையில் கள்ளத்தனம் செய்யும் பையன்களை அதட்டும் அதே குரலில் சொன்னார்.

"ஆரடாப்பா இது போட்டது? என்ரை இலையை மறைக்குது. கழட்டுங்கோ உந்த மாலையை! நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை!"

என் கணவர் வெடித்துச் சிரித்தார். அவ்வளவுதான். வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னுக்கு ஓடியது. ஜெர்மன் அம்மாவுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் தாமதமாகச் சிரித்து, அதைப் பார்த்து எல்லோரும் இரண்டாம் தரமும் சிரித்தார்கள். பூ அண்ணை ஓடிப்போய் மாலையைக் கழற்றி, வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். போதகர் சிரிப்பை அடக்கமுடியாமல் முதல் பாட்டைப் பிழையான சுருதியில் தொடங்கினார். சனம் அப்படிப் பாடி நான் அந்தக் கோயிலில் கேட்டதில்லை. கூரை இரண்டாம் தரம் ஒழுகியிருந்தாலும் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

இராப்போசனத்துக்குச் சனம் எழும்பிப் போனது. ஒவ்வொருவரும் கிண்ணத்தை வாங்கமுன் தலையை நிமிர்த்தித் தன்னைத் தேடினார்கள். மருத்துவமனைத் தங்கச்சி தன் நித்திரை முகத்தைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தில் இல்லாதவர்கள் தம் ஆட்களைத் தேடினார்கள். அந்த ஜெர்மன் ஊர்க்காரர் எதற்காக அப்படிக் கீறினார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. நான் கீறிய ஒன்று அவ்வளவு காலம் கழித்து, இவ்வளவு தூரத்தில், அதே வேலையைச் செய்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் போதகர் கேட்டார். படம் இருக்கட்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள். நான் எண்ணவில்லை, எண்ண வேண்டியிருக்கவில்லை. கோயில் முழுவதும் கை. அன்ரி இரண்டு கையையும் உயர்த்தினார், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. செயலாளர் உயர்த்தவில்லை. ஆனால் குறிப்பை நேர்மையாக எழுதினார்.

சனம் கலைந்தபிறகு நான் தூரிகைகளையும் ஏணியையும் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மாட்டும்போது ஒரு மூலையில் வர்ணம் உரசுப்பட்டிருந்தது, அதைத் தொட்டுச் சரிசெய்திருந்தேன். செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"எல்லாரும் இருக்கினம்."

"ஓம், எல்லாரும் இருக்காங்க."

"அண்டைக்கு எனக்கு உண்மையா வேலை இருந்தது."

சொல்லக் கூடாத பல வசனங்கள் வரிசையாக வாய்க்கு வந்தன, விழுங்கினேன்.

"இனி இடம் ஒண்டும் இல்லைப் போலை" என்றார். நானூறு பேருடைய வரிக் கணக்கையும் கலங்காமல் பார்க்கும் மனிதர், கலியாண வீட்டில் கடைசியாக வந்து கதிரை தேடுகிறவர்போல நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பந்தி நிரம்பிட்டுது ஐயா" என்றேன். "ஆனா பாருங்க, பரிமாற ஆள் காணாது."

அவர் யோசித்தார். பிறகு கோட்டைக் கழற்றி முதல் வரிசைக் கதிரையில் மடித்து வைத்தார். கீழே போய்த் தண்ணீர் ஜக் ஒன்றை எடுத்துவந்து, "எப்பிடி நிக்கிறது?" என்று கேட்டார். கொஞ்சம் குனியுங்கள் என்றேன். குனிந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். தேவையிருக்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

மேசையின் வலப்பக்க முனையில், அன்ரியின் இலைக்குப் பின்னால், குனிந்து தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். அன்றைக்கு அந்த ஏணியில் நின்று அவருடைய காதைக் கீறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நிச்சயமாயிற்று. இந்தப் படத்தை இனி ஒருவரும் கழற்றமாட்டார்கள். கழற்ற வேண்டுமென்றால் அதற்கு மனுக் கொடுக்க வேண்டியவரே உள்ளே தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்கிறார்.